பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் மகளுக்குத் தற்கொலை எண்ணம் வருகிறது: முதலில் யாரிடம் அழைத்துச் செல்வது?

கேள்வி: வெண்ணாற்றங்கரை

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் தஞ்சாவூர் மாவட்டத்தில் ஒரு சிற்றூரில் வசிக்கிறோம். என் மகளுக்குப் பதினேழு வயது. பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறாள். சில மாதங்களாகவே அவளிடம் மாற்றம் தெரிகிறது. இரவெல்லாம் விழித்திருந்துவிட்டுப் பகலில் சுருண்டு படுத்துக்கொள்கிறாள். சோற்றைத் தட்டில் அளைந்துவிட்டு அப்படியே எழுந்துவிடுகிறாள். தோழிகள் போன் செய்தால் எடுப்பதில்லை. மார்கழி முழுவதும் வாசலை அடைத்துக் கோலம் போடுகிற பெண், இந்த முறை கோலப்பொடி டப்பாவைத் திறக்கவே இல்லை. தேர்வு நெருங்குவதால் வந்த சோர்வு என்றுதான் வீட்டில் எல்லோரும் பேசிக்கொண்டோம்.

போன வாரம் அவளுடைய இயற்பியல் நோட்டின் கடைசிப் பக்கத்தில், தான் இல்லாமல் போனால் எல்லோருக்கும் நிம்மதி என்று எழுதியிருந்ததைப் பார்த்தேன். பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகக் கேட்டபோது, "சில நாள் அப்படித் தோணும்மா, அப்பாகிட்ட மட்டும் சொல்லாதே" என்றாள். அதற்கு மேல் கேட்க எனக்குத் துணிவு வரவில்லை. நாமே அந்தப் பேச்சை எடுத்தால் அவள் மனத்தில் அந்த எண்ணம் வலுப்பட்டுவிடுமோ என்று அஞ்சுகிறேன்.

அரசு மருத்துவமனைக்குப் போவதா, தனியார் மருத்துவரிடம் போவதா, முதலில் கவுன்சலிங் மட்டும் போதுமா என்று எனக்குத் தெரியவில்லை. மருத்துவமனையில் இதைச் சொன்னால் போலீசுக்குத் தகவல் போகும் என்று ஒரு உறவினர் சொல்கிறார். மாத்திரை ஆரம்பித்தால் வாழ்நாள் முழுவதும் நிறுத்த முடியாது என்கிறார் இன்னொருவர். என் மாமியார், யாரோ செய்வினை வைத்திருக்கிறார்கள், கோயிலில் வைத்து மந்திரித்தால் சரியாகிவிடும் என்கிறார். இவளுக்கு நாளைக்குத் திருமணம் ஆக வேண்டும், வெளியே தெரியக் கூடாது என்பது என் கணவரின் கவலை. அவரிடம் நான் இன்னும் முழுவதும் சொல்லவில்லை. விவரம் தெரிந்தவர்கள் தயவுசெய்து வழிகாட்டுங்கள்.

பதில்: மருதநிலம்

அம்மா, வணக்கம். மாவட்ட மனநலத் திட்டத்தில் பல ஆண்டுகள் மனநலச் சமூகப் பணியாளராக வேலை பார்த்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். நீங்கள் கேட்டவற்றில் எதற்குப் பதில் உடனே தேவையோ அதிலிருந்து தொடங்குகிறேன்.

நீங்கள் கேட்பதால் அந்த எண்ணம் வலுப்படாது. இது குறித்துப் பல நாடுகளில் ஆய்வுகள் நடந்திருக்கின்றன. தற்கொலை எண்ணம் உண்டா என்று நேரடியாகக் கேட்பதால் இளம்பருவத்தினரிடம் அந்த எண்ணம் புதிதாக உண்டாவதோ கூடுவதோ இல்லை என்பதே அவற்றின் முடிவு. உள்ளுக்குள்ளேயே வைத்துப் புழுங்கிக்கொண்டிருந்த பிள்ளைக்கு, கேட்க ஒருவர் இருக்கிறார் என்பதே பெரிய ஆறுதலாக அமைகிறது. ஆகவே இன்றைக்கே, வேறு யாரும் இல்லாத நேரத்தில், சுற்றி வளைக்காமல், "செத்துப்போயிடலாம்னு நினைப்பு வருதா கண்ணு? எப்பப்ப வருது? எப்படின்னு ஏதாவது யோசிச்சு வச்சிருக்கியா?" என்று கேளுங்கள். அவள் சொல்வதைக் கேட்டு அழ நேர்ந்தாலும் பரவாயில்லை. ஆனால் தலையில் கைவைத்துச் சத்தியம் வாங்காதீர்கள். நம் வீடுகளில் எல்லோரும் முதலில் செய்வது அதுதான். சத்தியம் அந்த எண்ணத்தைத் தடுப்பதில்லை. அடுத்த முறை அது வரும்போது சத்தியத்தை மீறுகிறோமே என்ற குற்ற உணர்வையும் சேர்த்துக்கொண்டு பிள்ளை வாயை மூடிக்கொள்கிறது. "அம்மா அப்பாவை நினைச்சுப் பார்த்தியா" என்ற கேள்வியும் அப்படிப்பட்டதே. தான் குடும்பத்துக்குச் சுமை என்றுதானே அவள் அந்த நோட்டில் எழுதியிருக்கிறாள்?

எப்படி என்பதையும் அவள் யோசித்து வைத்திருந்தாலோ, நாள் குறித்திருந்தாலோ, முன்பு ஒருமுறை முயன்றிருந்தாலோ, அதை அவசரநிலையாகக் கொள்ள வேண்டும். அப்போது ஓ.பி. நேரத்துக்காகக் காத்திருக்கக் கூடாது. 108-ஐ அழைத்தோ சொந்த வண்டியிலோ, இரவானாலும், அருகிலுள்ள பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். மருத்துவர் பார்க்கும்வரை ஒரு நிமிடமும் அவளைத் தனியே விடாதீர்கள். அந்த அளவுக்கு இல்லை என்றாலும் இந்த வாரத்துக்குள் மனநல மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும்.

எங்கே போவது என்ற கேள்விக்கு வருகிறேன். உங்களுக்குத் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவு எட்டக்கூடிய தூரம்தான். காலையில் போய் ஓ.பி. சீட்டு வாங்கினால் போதும். ஆலோசனை, மருந்து இரண்டுக்கும் கட்டணம் இல்லை. இது தவிர, மாவட்ட மனநலத் திட்டத்தின் மனநல மருத்துவர் குறிப்பிட்ட நாட்களில் வட்ட மருத்துவமனைகளுக்கும் வந்து பார்க்கிறார். உங்கள் வட்ட மருத்துவமனையில் அது எந்தக் கிழமை என்று விசாரித்துக்கொள்ளுங்கள். தனியாரிடம் போக வசதி இருந்தால் போகலாம், அதில் தவறில்லை. ஆனால் முதல் சந்திப்பு மனநல மருத்துவரிடம் நடப்பதே இந்த நிலையில் பாதுகாப்பானது. மனநல மருத்துவர் எம்.பி.பி.எஸ். முடித்து மனநல மருத்துவத்தில் மேற்படிப்புப் படித்தவர், மருந்து எழுதக்கூடியவர். மருத்துவ உளவியலாளர் இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவு பெற்றவராக இருக்க வேண்டும். பேச்சுவழிச் சிகிச்சையை முறையாகப் பயின்று அளிப்பவர் அவரே. இவ்விரு தகுதியும் இல்லாமல் கவுன்சலர் என்று பலகை மாட்டிக்கொண்டிருப்பவர்களும் இருக்கிறார்கள். பதிவு எண்ணைக் கேட்டுத் தெரிந்துகொள்வதில் தயக்கம் வேண்டாம்.

மருத்துவமனைக்குப் போவதற்கு முன்பே யாரிடமாவது பேச வேண்டும் என்றால் 14416 என்ற எண்ணை அழையுங்கள். ஒன்றிய அரசின் டெலி-மானஸ் சேவை இது. 2022 அக்டோபரில் தொடங்கப்பட்டது. தமிழ்நாட்டில் இதே எண்ணில் "நட்புடன் உங்களோடு" என்ற பெயரில் இயங்குகிறது. இருபத்து நான்கு மணி நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. நீங்களும் பேசலாம், உங்கள் மகளும் பேசலாம். சென்னையில் 1986 முதல் தற்கொலைத் தடுப்புக்காகவே இயங்கிவரும் சிநேகா அமைப்பின் எண் 044-24640050. பிள்ளைகள் தாங்களாகவே அழைக்கக்கூடிய இன்னோர் எண் 1098.

போலீஸ் என்ற அச்சம் வேண்டாம். எண்ணம் இருக்கிறது என்று மருத்துவரிடம் சொல்வதால் எந்தக் காவல் நிலையத்துக்கும் தகவல் போகாது. உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றவரையே தண்டிக்கக் கூடாது, அவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும் என்று 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115-ஆம் பிரிவு சொல்கிறது. அத்தகையவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் அளிப்பது அரசின் கடமை என்றும் அதே பிரிவு சொல்கிறது. தற்கொலை முயற்சியைக் குற்றமாக வைத்திருந்த பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 309-ஆம் பிரிவு, அதற்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய சட்டத்தில் இடம்பெறவே இல்லை. வெளியே தெரிந்துவிடும் என்ற உங்கள் கணவரின் கவலைக்கும் அதே 2017-ஆம் ஆண்டுச் சட்டம் பதில் வைத்திருக்கிறது: நோயாளியின் விவரங்களை வெளியிடாமல் காப்பது மருத்துவர்களின் சட்டக் கடமை. பள்ளிக்கு விடுப்புக்கான மருத்துவச் சான்று மட்டும் கொடுத்தால் போதும்.

உங்கள் கணவரிடம் சொல்லத்தான் வேண்டும், அம்மா. உயிர் சம்பந்தப்பட்ட இரகசியத்தை ஒருவரே சுமக்கக் கூடாது. ஆனால் அவளுக்குத் தெரியாமல் சொல்லாதீர்கள். "உன்னைப் பாதுகாக்க அப்பாவோட துணை எனக்கு வேணும், அவர் கோபப்படாமப் பார்த்துக்கிறது என் பொறுப்பு" என்று அவளிடம் முதலில் சொல்லிவிடுங்கள். கோயிலைப் பொறுத்தவரை, அவளுக்கே விருப்பமிருந்தால் அழைத்துச் செல்லுங்கள்; மருத்துவம் அதற்காக ஒரு நாளும் தள்ளிப்போகக் கூடாது. ஏர்வாடி தர்காவிலேயே பிரார்த்தனைக்கு வருவோருக்கு மனநல மருத்துவமும் சேர்ந்து கிடைக்க அரசு ஏற்பாடு செய்திருக்கிறது என்பதை உங்கள் மாமியாரிடம் சொல்லிப் பாருங்கள். நம்பிக்கையோடு பேசுபவர்களிடம் நம்பிக்கையின் வழியாகவே பேசுவது பல வீடுகளில் பலன் தந்திருக்கிறது.

இன்னொன்று, இன்றைக்கே செய்ய வேண்டியது. வீட்டில் இருக்கும் மாத்திரைகள், வயலுக்கு வாங்கி வைத்த மருந்துகள் ஆகியவற்றைப் பூட்டி வையுங்கள், அல்லது வேறு வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். அந்த எண்ணம் உச்சத்தில் நிற்கும் நேரம் பெரும்பாலும் குறுகியது. அந்த நேரத்தில் கைக்கெட்டும் தூரத்தில் ஒன்றும் இல்லாமலிருப்பது உயிரைக் காக்கும் செயல் என்பதில் இத்துறையில் இருப்பவர்களுக்குள் கருத்து வேறுபாடே கிடையாது.

பதில்: தறிவீட்டுப் பெண்

அக்கா, உங்கள் மகளின் இடத்தில் ஒரு காலத்தில் இருந்தவள் நான். எங்கள் ஊர் காஞ்சிபுரம். பிளஸ் டூ படித்தபோதுதான் எனக்கும் அது வந்தது. இப்போது வேலையில் இருக்கிறேன். உள்ளே போனால் என்ன நடக்கும் என்பது தெரியாமல்தான் நான் மிகவும் பயந்தேன். உங்கள் மகளுக்கும் அது பயன்படலாம் என்பதால் அதை மட்டும் எழுதுகிறேன்.

மருத்துவர் முதலில் அம்மாவையும் என்னையும் சேர்த்து உட்காரவைத்துப் பேசினார். பிறகு அம்மாவை வெளியே அமரச் சொல்லிவிட்டு என்னிடம் தனியாகப் பேசினார். நான் சொல்லும் எதையும் வீட்டில் சொல்லமாட்டேன் என்று அவர் வாக்குக் கொடுக்கவில்லை. "உன் உயிருக்கு ஆபத்துன்னு எனக்குத் தோணினா அம்மாகிட்ட சொல்வேன், அதையும் உன்கிட்ட சொல்லிட்டுத்தான் சொல்வேன்; மத்ததெல்லாம் இந்த அறைக்குள்ளேயே இருக்கும்" என்றார். நேர்மையாகச் சொன்னதாலேயே எனக்கு அவர்மேல் நம்பிக்கை வந்தது. தூக்கம், பசி, படிப்பு, பள்ளியில் யாராவது தொல்லை கொடுக்கிறார்களா, யாராவது தகாத முறையில் தொட்டார்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். சாகவேண்டும் என்ற எண்ணத்தையும் அதே குரலில், காய்ச்சலைப் பற்றி விசாரிப்பதுபோல விசாரித்தார். அதிர்ச்சியும் காட்டவில்லை, அறிவுரையும் சொல்லவில்லை. இரத்த சோகையும் தைராய்டு கோளாறும் சோர்வைக் கூட்டும் என்று சொல்லி இரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார்.

அதன் பிறகு உளவியலாளர் என்னோடு உட்கார்ந்து ஒரு தாளை நிரப்பினார். பாதுகாப்புத் திட்டம் என்று அதற்குப் பெயர். அவர் எழுதவில்லை, என்னையே என் கையெழுத்தில் எழுதவைத்தார். அந்த எண்ணம் வருவதற்கு முன்னால் எனக்கு என்னென்ன தெரியும் என்பது முதலில். தொண்டை அடைப்பதும், வாட்சப்பில் எல்லாக் குழுக்களிலிருந்தும் வெளியேறத் தோன்றுவதும் என் அறிகுறிகள். பிறகு, யாருடைய உதவியும் இல்லாமல் நானே செய்யக்கூடியது. அதற்கும் அடங்காவிட்டால் நாலு பேர் இருக்கும் இடமாக எங்கே போவேன் என்று கேட்டார். எதிர்வீட்டு அத்தையின் தறிக்கூடம் என்று எழுதினேன். அங்கே யாரும் என்னிடம் எதுவும் கேட்கமாட்டார்கள், பாவு புணையும்போது நூலைப் பிடிக்கச் சொல்வார்கள், தறியின் சத்தத்தில் தலைக்குள் ஓடும் பேச்சு கொஞ்சம் அடங்கும். அதற்கு அடுத்தது, விஷயத்தைச் சொல்லி உதவி கேட்கக்கூடியவர்கள். என் சித்தியின் பெயரை எழுதினேன். பிறகு மருத்துவமனை எண், உதவி எண். கடைசியாக, வீட்டில் எதையெல்லாம் அப்புறப்படுத்த வேண்டும் என்பது. அதை அம்மாவை உள்ளே அழைத்துச் சேர்ந்தே பேசினோம். அந்தத் தாளைப் போட்டோ எடுத்துப் போனில் வைத்துக்கொள்ளச் சொன்னார். எண்ணம் மிகும் நேரத்தில் யோசித்து முடிவெடுக்க முடியாது; முன்பே எழுதி வைத்ததை வரிசையாகச் செய்துகொண்டே போகத்தான் முடியும். மாத்திரையைவிட அந்தத் தாள்தான் முதல் வாரங்களில் என்னைத் தாங்கியது என்பேன்.

பேச்சுவழிச் சிகிச்சை எனக்குப் பல மாதங்கள் நடந்தது. "நான் ஒரு தண்டம்" என்று தோன்றும்போது அதற்கு ஆதாரம் என்ன, எதிரான ஆதாரம் என்ன என்று எழுதிப் பார்ப்பது, படுத்தே கிடக்கத் தோன்றும் நாளிலும் ஒரு சிறிய வேலையை நேரம் குறித்துச் செய்வது, கோபமும் அழுகையும் மேலே வரும்போது உடம்பைக் கொண்டே அதைத் தணிப்பது என்று கற்றுக்கொடுத்தார்கள். அவையெல்லாம் பழகப் பழகத்தான் கைவந்தன. மூன்றாவது நான்காவது சந்திப்பில் எனக்கு அலுப்புத் தட்டியது, போகமாட்டேன் என்றேன். அப்பா திட்டவில்லை. "போய் அந்த மேடத்துக்கிட்டயே வரப் பிடிக்கலைன்னு சொல்லிட்டு வா" என்றார். போய்ச் சொன்னேன். அன்றைக்குத்தான் முதன்முறையாக மனம் விட்டுப் பேசினேன்.

பதில்: கரும்பலகை

வணக்கம் சகோதரி. நான் அரசு மேல்நிலைப் பள்ளியில் முதுகலை ஆசிரியர். முதல் பதிலை எழுதிய ஐயா பள்ளிக்குச் சொல்லத் தேவையில்லை என்று குறிப்பிட்டிருக்கிறார். சட்டப்படி அது சரி. ஆயினும் உங்கள் மகள் சம்மதித்தால், அவள் நம்பும் ஓர் ஆசிரியருக்கு மட்டும் தெரிந்திருப்பது நல்லது என்பது என் கருத்து. வகுப்பில் அவள் தலை கவிழ்ந்து படுத்திருந்தால் எழுப்பித் திட்டாமல் இருக்கவும், திருப்புதல் தேர்வு மதிப்பெண்ணை எல்லோர் முன்னிலையிலும் வாசிக்காமல் இருக்கவும் ஒருவராவது அங்கே வேண்டும். வகுப்பறையில் விடைத்தாளைத் தூக்கிக் காட்டி அவமானப்படுத்தும் பழக்கம் இன்னும் பல பள்ளிகளில் ஒழியவில்லை. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் கொதிக்கிறது.

நூறு மாணவர்களும் அதற்கு மேலும் பயிலும் கல்வி நிறுவனங்கள் தகுதி பெற்ற ஆலோசகர் ஒருவரையாவது அமர்த்த வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் வழிகாட்டு நெறிகளை வகுத்தது. மதிப்பெண்ணை வைத்து மாணவர்களைப் பிரித்து உட்காரவைப்பதையும், பொதுவில் அவமானப்படுத்துவதையும் தவிர்க்க வேண்டும் என்றும் அதில் சொல்லப்பட்டிருக்கிறது. பயிற்சி மையங்களுக்கும் இது பொருந்தும். உங்கள் மகள் பள்ளியிலோ டியூஷனிலோ அப்படி நடத்தப்படுகிறாள் என்றால், பெற்றோராக இதைச் சுட்டிக்காட்டிக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. பள்ளிக் கல்வித் துறையின் 14417 எண்ணிலும் பேசலாம்.

தேர்வைப் பற்றியும் ஒரு வார்த்தை. மருத்துவர் ஓய்வு வேண்டும் என்று சொன்னால், இந்த மார்ச்சில் எழுதியே தீர வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காதீர்கள். தேர்வு முடிவு வந்த சில வாரங்களிலேயே துணைத் தேர்வு நடக்கிறது. அதில் தேர்ச்சி பெற்று அதே ஆண்டில் கல்லூரியில் சேர்ந்த என் மாணவர்கள் பலர் இருக்கிறார்கள். ஒரு வருடம் போய்விடுமே என்ற அச்சம் பிள்ளைகளை எவ்வளவு அழுத்துகிறது என்பதைக் கண்டு, சிநேகா அமைப்பின் நிறுவனர் டாக்டர் லட்சுமி விஜயகுமார் போன்றோர் வலியுறுத்தியதும் இந்த உடனடித் துணைத் தேர்வு ஏற்பாட்டுக்கு ஒரு காரணம். இதை உங்கள் மகளிடம் இப்போதே சொல்லி வையுங்கள். முடிவு வெளியாகும் நாளில் சொல்வதற்கு என்று வைத்துக்கொள்ள வேண்டாம்.

பதில்: நாவற்குழி

இலங்கையிலிருந்து இதை வாசிக்கும் பெற்றோருக்காகச் சில வரிகள். இங்கே தேசிய உளநல உதவி இலக்கம் 1926. இருபத்து நான்கு மணித்தியாலமும் தமிழில் கதைக்கலாம். சிறுவர்களுக்கான இலக்கம் 1929. யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் உளநலப் பிரிவுகள் உண்டு. அரச வைத்தியசாலை என்பதால் காசு கட்டத் தேவையில்லை. ஏனைய இடங்களில் பிரதேச வைத்தியசாலையில் கேட்டால் உளநல மருத்துவ அதிகாரி வரும் கிளினிக் நாளைச் சொல்வார்கள். கேள்வி கேட்ட அம்மாவுக்கும் பிள்ளைக்கும் என் அன்பு.

கேள்வி கேட்டவரின் தொடர்ச்சி: வெண்ணாற்றங்கரை

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி என்று மட்டும் சொன்னால் போதாது. அன்று இரவே அவளிடம் நேரடியாகக் கேட்டேன். எப்படி என்று எதுவும் யோசித்து வைக்கவில்லை, ஆனால் தினமும் அந்த எண்ணம் வருகிறது என்றாள். கேட்டதற்காகக் கோபப்படவில்லை, என் மடியில் வெகுநேரம் படுத்திருந்தாள். அவளிடம் சொல்லிவிட்டு என் கணவரிடமும் சொன்னேன். அவர் அதிர்ந்துபோனார், ஆனால் மறுநாள் காலை வேலைக்கு விடுப்புப் போட்டுவிட்டு அவரே எங்களை மருத்துவமனைக்கு அழைத்துப் போனார்.

மனச்சோர்வு நோய் என்று சொல்லி, ஃப்ளுவாக்ஸெடின் என்ற மாத்திரை ஒன்றும், வாரம் ஒருமுறை உளவியலாளரிடம் பேசுவதும் என்று தொடங்கியிருக்கிறார்கள். இப்போது சில வாரங்கள் ஆகின்றன. நன்றாகத் தூங்குகிறாள், நேற்று தம்பியோடு சண்டை போட்டுச் சிரித்தாள். சரியாகிவிட்டாள், இனி அலைய வேண்டாம், மாத்திரையையும் நிறுத்திவிடலாம் என்கிறார் என் கணவர். இதே மாத்திரை இளம்வயதினருக்குத் தற்கொலை எண்ணத்தைக் கூட்டும் என்று அமெரிக்க அரசே எச்சரித்திருப்பதாக அவர் இணையத்தில் படித்துவிட்டார். இதற்கு நான் என்ன பதில் சொல்வது?

பதில்: மருதநிலம்

அம்மா, நீங்கள் செய்ததும் உங்கள் கணவர் விடுப்புப் போட்டு உடன் வந்ததும் மிகப் பெரிய காரியம். அவர் படித்த செய்தி பொய்யல்ல. ஆனால் அதை முழுவதும் படிக்க வேண்டும். 2004-இல் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம், மனச்சோர்வுக்கான மாத்திரைகளைக் குழந்தைகளுக்கும் இளம்பருவத்தினருக்கும் கொடுத்துப் பார்த்த 24 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. மாத்திரை எடுத்தவர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 4 பேரிடமும், மருந்தில்லாத வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 2 பேரிடமும் தற்கொலை எண்ணமோ அது சார்ந்த நடத்தையோ காணப்பட்டது. அந்த ஆய்வுகளில் ஒருவர்கூட உயிரிழக்கவில்லை. மருந்து தொடங்கிய முதல் வாரங்களிலும் அளவை மாற்றும்போதும் பிள்ளையைக் கூர்ந்து கவனிக்க வேண்டும் என்பதே அந்த எச்சரிக்கையின் பயன்; கொடுக்கவே கூடாது என்று அது சொல்லவில்லை. ஃப்ளுவாக்ஸெடின் இந்த வயதினருக்கு அதிகமாக ஆராயப்பட்டு, பலன் உறுதிசெய்யப்பட்ட மருந்து. ஆகவே அவள் வழக்கத்துக்கு மாறாகப் படபடப்பாக, ஓரிடத்தில் உட்கார முடியாமல், எரிந்து விழுபவளாக மாறினாலோ, தூக்கம் திடீரென்று கெட்டாலோ, அடுத்த தேதிவரை காத்திருக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். மாத்திரை அட்டை உங்கள் கையில் இருக்கட்டும். அன்றன்றைக்கு உரியதை மட்டும் கொடுங்கள்.

நிறுத்தலாமா என்பதற்கு, இப்போது நிச்சயமாகக் கூடாது என்பதே பதில். மருந்தின் முழுப் பலன் தெரிய நான்கு முதல் ஆறு வாரங்கள், சில சமயம் அதற்கு மேலும் ஆகும். நன்றாகிவிட்ட பிறகும் பொதுவாக ஆறு மாதங்களுக்குக் குறையாமல் தொடர்ந்துவிட்டு, மருத்துவரே படிப்படியாக அளவைக் குறைத்து நிறுத்துவார். உறவினர் சொன்னதுபோல் ஆயுள் முழுவதும் எடுக்க வேண்டியதும் இல்லை. இது போதைப்பழக்கம் உண்டாக்கும் மாத்திரையும் அல்ல. பாதியில் சட்டென்று விட்டால் நோய் திரும்பி வருகிறது என்பதை நான் எத்தனையோ குடும்பங்களில் பார்த்திருக்கிறேன். முதல்முறை அழைத்து வருவதற்குப் பெற்றோர் பட்ட பாட்டில் பத்தில் ஒரு பங்கைக்கூடத் தொடர்ந்து வருவதற்குப் படுவதில்லை. பிள்ளை ஒருமுறை சிரித்துவிட்டால் ஓ.பி. சீட்டு அலமாரிக்குள் போய்விடுகிறது. எங்கள் பணியில் பாதி நேரம், வராமல் நின்றுபோனவர்களுக்குப் போன் செய்து வரவழைப்பதிலேயே கழிந்தது.

இதை உங்கள் கணவரிடம் நீங்கள் சொல்வதைவிட, அடுத்த சந்திப்பில் அவரே மருத்துவரிடம் இந்தக் கேள்வியைக் கேட்கட்டும். அமெரிக்க எச்சரிக்கையைப் பற்றியும் தயங்காமல் கேட்கச் சொல்லுங்கள். அக்கறையுள்ள தகப்பனின் கேள்வி அது, மருத்துவர் தவறாக எடுத்துக்கொள்ளமாட்டார். உளவியலாளரிடம் பாதுகாப்புத் திட்டம் எழுதியாயிற்றா என்றும் கேளுங்கள். இல்லையென்றால் அன்றைக்கே எழுதித் தரச் சொல்லி, அதில் அவரவர் பங்கு என்ன என்பதை நீங்கள் மூவரும் சேர்ந்து உட்கார்ந்து தெரிந்துகொள்ளுங்கள். செய்முறைத் தேர்வோ திருப்புதல் தேர்வோ சந்திப்பு நாளில் வந்தால் தவறவிட வேண்டாம். சீட்டை எடுத்துக்கொண்டு முந்தைய நாளே போய், தேதி இடிக்கிறது என்று சொன்னால் பார்ப்பார்கள். வெளியூர் போக நேர்ந்து மருந்து தீர்ந்துவிட்டால், அந்த ஊர் மாவட்டத் தலைமை மருத்துவமனையின் மனநலப் பிரிவில் பழைய சீட்டைக் காட்டினால் அங்கேயே தருவார்கள்.